கதையும் இலக்கணமும்: ஒரு மொழித் தேர்வின் முன்வரலாறு

தலைநகர் தில்லியில், மோதி பாக் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பள்ளித் தேர்வுக்காலம் ஒரு தனிப் பருவமாகும். கோடை, மழை, குளிர் என்னும் பருவங்களோடு இதனையும் நான்காவதாகச் சேர்த்து எண்ணுவதில் தவறில்லை. அப்பருவத்தில் வீட்டு வானொலி மௌனமாகும். விருந்தினர் வருகை தள்ளிப் போடப்படும். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் துணி விழும். ஆங்கிலத் தேர்வுக்கு முந்திய மாலையில் பிள்ளைகளின் முன் இரண்டு புத்தகங்கள் கிடக்கும். ஒன்று சிறுகதைகள் அடங்கிய பாடநூல். மற்றொன்று இலக்கணப் பயிற்சி நூல். கதையில் யார், எங்கே, ஏன் என்று கேட்பார்கள். இலக்கணத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வார்கள். இரண்டுக்கும் விடை தெரிந்தவன் தேறுவான்.

ஒரு மொழியைக் கற்றவன் என்பதற்குக் கதையும் இலக்கணமுமே சான்று என்று எவர் வகுத்தார்? இவ்விரண்டும் ஒரே தேர்வுத்தாளில் எவ்வாறு குடியேறின? இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தால், இம்முறை சீமையிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்றே பலரும் கருதுவர். உண்மையோ வேறு. கதையையும் இலக்கணத்தையும் இணைத்து ஓர் அயன்மொழியைக் கற்பிக்கும் முறை, ஆங்கிலம் நம் பிள்ளைகளை வந்தடைவதற்கு முன்னரே தமிழ்மண்ணில் தமிழுக்காகக் கையாளப்பட்டது. அன்று மாணாக்கராக அமர்ந்தவர்கள் ஐரோப்பியர். ஆசிரியர் இடத்தில் இருந்தது தமிழ். அவ்வரலாற்றைச் சிறிது காண்பது நம் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, அவர்களைப் படிக்க வைக்கும் நமக்கும் பயன் தரும்.

வீரமாமுனிவர் வகுத்த வழி

இத்தாலி நாட்டிற் பிறந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்து, இங்கே நெடுங்காலம் வாழ்ந்தவர் கான்ஸ்டன்சோ பெஸ்கி என்னும் வீரமாமுனிவர். தேம்பாவணி பாடிய புலவராகவும், சதுரகராதி தந்த அகராதியாளராகவும் அவரை நாம் அறிவோம். அவர் மொழியாசிரியராகவும் விளங்கினார். தமக்குப் பின் வரும் ஐரோப்பியத் துறவியர் தமிழ் கற்கவேண்டும் என்பதற்காக, மக்கள் பேசும் தமிழுக்கு இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் என வழங்கும் அந்நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பெஸ்கி கத்தோலிக்கர், தரங்கம்பாடி அச்சகமோ லுத்தரன் சபையாருடையது. சமயப் பூசல் மிகுந்திருந்த அந்நாளில், எதிர்த்தரப்பினரின் இலக்கணத்தையே அவர்கள் அச்சிட்டனர் என்றால், மொழிகற்கும் தேவை எத்துணைப் பெரிதாக இருந்தது என்பது விளங்கும்.

இலக்கணம் மட்டும் ஒருவனைப் பேச வைக்காது என்பதை முனிவர் உணர்ந்திருந்தார். ஆகவே பரமார்த்த குருவின் கதையை எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் அவர்தம் குருவும் செய்யும் பேதைமைகளை நம் குழந்தைகள் இன்றும் கேட்டுச் சிரிக்கின்றனர். ஆற்றைக் கடந்தபின் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒருவன் குறைகிறான் என்று அழுவதும், பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று வாங்கி ஏமாறுவதும் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். எளிய உரைநடையில், அன்றாடப் பேச்சுக்குரிய சொற்களைக் கதையின் வழியே புகட்டுவதற்காக இயற்றப்பட்டது அந்நூல். பெஞ்சமின் பாபிங்டன் என்பார் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1822இல் இலண்டனில் வெளியிட்டார். இன்று நாம் குழந்தைக் கதையெனக் கொள்வது, அன்று வெளிநாட்டார்க்கு மொழிப் பாடநூலாய் இருந்தது.

விதி எலும்பாயின் கதை தசை என்று கொள்ளலாம். ஐந்து சீடர்களும் ஒருவரோடொருவர் பேசும்போது வினாவும் விடையும் ஏவலும் வியப்பும் இயல்பாக வந்து விழுகின்றன. அவற்றைக் கேட்டுச் சிரிப்பவன், தான் இலக்கணம் கற்கிறோம் என்பதை அறியாமலே கற்றுவிடுகிறான்.

கோட்டைக் கல்லூரித் தேர்வு

இம்முறை பின்னர் அரசாங்கத் தேர்வாகவே அமைந்தது. 1812இல் சென்னையில் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலுக்கென இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர்கள், மாவட்டங்களுக்குப் பணியாற்றச் செல்லுமுன் இந்நாட்டு மொழிகளைக் கற்கவேண்டும் என்பது அதன் நோக்கம். அதனை உருவாக்குவதில் முன்நின்றவர் எல்லிஸ் துரை. திருக்குறளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட அவர், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியினின்று பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனி இனத்தன என்பதை 1816இலேயே எழுதினார். கால்டுவெல் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856க்கு 40 ஆண்டுகள் முற்பட்ட செய்தி இது.

அக்கல்லூரியில் பயின்ற ஆங்கில இளைஞர்கள் தேர்வெழுதினர். தேறினால் படித்தொகை உயரும்; சிறப்பாகத் தேறினோர்க்குப் பரிசுப் பணமும் உண்டு. அவர்களுக்குப் பாடம் சொல்லவும் நூல் எழுதவும் தமிழ்ப் புலவர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் தாண்டவராய முதலியார் இலக்கணத்தை வினாவிடையாக எழுதினார்; பஞ்சதந்திரக் கதைகளை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் பெயர்த்தார். அப்பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது. ஆக, இலக்கண வினாவிடை ஒருபுறம், கதைநூல் மறுபுறம். மோதி பாக் மாணவனின் மேசைமேல் இன்று கிடக்கும் அதே இரட்டை, இரு நூற்றாண்டுகட்கு முன் ஆங்கில இளைஞனின் மேசைமேல் கிடந்தது. அவன் கற்றது தமிழ். இவன் கற்பது ஆங்கிலம். வேறுபாடு அவ்வளவே.

இதில் மத்திய அரசு ஊழியர்களாகிய நம்மவர்க்கு மற்றுமொரு சுவை உண்டு. பிரபோத், பிரவீண், பிராக்ஞா என்னும் இந்தித் தேர்வுகளை எழுதி, தேறியதற்குரிய ஊதியப் பயனையும் பெற்ற நம்மில் பலர், கோட்டைக் கல்லூரி இளைஞர்களின் நிலையை எளிதில் உணரலாம். பணிக்காக மொழி, மொழிக்காகத் தேர்வு, தேர்வுக்காக ஊக்கத்தொகை என்னும் வரிசை மிகப் பழைமையானது.

எனினும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. அத்தேர்வுகளை எழுதியோர் பலர். தேறி, மாவட்டம் சென்று, கற்ற தமிழைக் கச்சேரி அளவில் பயன்படுத்தி, ஓய்வு பெற்றுத் தம் நாடு திரும்பினர். அவர்தம் பெயர்களை இன்று அறிவார் அரியர். எல்லிஸ் போன்ற சிலர், தேவைக்குக் கற்ற மொழியை விருப்பத்திற்கும் கற்றனர். அவர்களையே தமிழ் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

ஆங்கிலம் வந்தமை

இனி மறுபுறம் காண்போம். சுவார்ட்ஸ் பாதிரியாரின் முயற்சியால் 1785ஐ ஒட்டித் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. ஆயினும் ஆங்கிலம் அன்று நாட்டுக் கல்வியின் ஓர் ஓரமே. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதாக ஆளுநர் மன்றோ 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் எழுதினார். அவற்றுள் மிகப்பெரும்பாலானவை ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் கற்பித்த திண்ணைப் பள்ளிகளை ஒத்தவையே. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1835இல், மெக்காலேயின் குறிப்பும் அதனைத் தொடர்ந்த பெண்டிங்க் பிரபுவின் ஆணையும் அரசின் கல்விப் பணத்தை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பின. 1841இல் சென்னையில் பவல் துரையின் தலைமையில் உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. 1842இல் பச்சையப்பர் அறக்கட்டளைப் பள்ளி எழுந்தது. 1844இல் ஹார்டிஞ்ச் பிரபு, அரசாங்க வேலைகளில் ஆங்கிலம் கற்றார்க்கே முதலிடம் என்று அறிவித்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

இந்நிகழ்ச்சிகளுள் குடும்பங்களின் வாழ்வை மிகவும் மாற்றியது 1844ஆம் ஆண்டு அறிவிப்பே என்பது எம் கருத்து. மெக்காலே ஒரு கொள்கையை எழுதினார். ஹார்டிஞ்ச் அக்கொள்கைக்கு ஒரு சம்பளத்தை வைத்தார். கொள்கையை எதிர்த்துப் பேசலாம். சம்பளத்தை எதிர்த்துப் பேசும் குடும்பம் எது?

ஆங்கிலத்தோடு அதன் இலக்கண நூல்களும் வந்தன. லிண்ட்லி மரே என்பவர் அமெரிக்காவிற் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். யார்க் நகரத்துக் குவேக்கர் பெண்கள் பள்ளிக்கென 1795இல் ஓர் இலக்கணம் எழுதினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிறுமியர்க்காக எழுதப்பட்ட அந்நூல், கடல் கடந்து, ஆங்கிலத்தைக் காதாற் கேட்டறியாத பிள்ளைகளின் கையிலும் வந்து சேர்ந்தது. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெஸ்ஃபீல்டு வந்தார். வட இந்தியாவில் கல்வித் துறைத் தலைவராக இருந்த அவர், இந்திய மாணவர்களின் இடர்ப்பாடுகளை நேரிற் கண்டவர். 1930களில் ரென், மார்ட்டின் இருவர் பெயரும் தாங்கிய நூல் வந்தது. அதன் பெயரை அறியாத நடுத்தரக் குடும்பம் இந்தியாவில் இல்லை எனலாம். ரென் என்பவர் பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றியவர். பிரெஞ்சு அயல்நாட்டுப் படையைப் பற்றிய ‘போ ஜெஸ்ட்’ என்னும் நாவலை 1924இல் எழுதி உலகப் புகழ் பெற்ற கதாசிரியரும் அவரே. நம் நாட்டிற்கு இலக்கணம் வகுத்தவர் ஒரு கதைஞர் என்பது பலர் அறியாத செய்தி. கதையும் இலக்கணமும் ஒருவரிடமே குடியிருந்தமைக்கு இவரும் ஒரு சான்று.

தமிழ் மாணவர்கள் இலக்கணத்தில் வல்லவர்கள் என்ற பெயர் நெடுநாளாக உண்டு. அதற்குக் காரணம் உண்டு. சூத்திரத்தை மனப்பாடம் செய்து, பின் உரை கேட்டு, பின் எடுத்துக்காட்டுக் கூறும் பழக்கம் நன்னூல் காலந்தொட்டு நம் கல்விமுறையில் ஊறியது. நன்னூலைச் சொன்ன அதே குரலில் மரேயையும் நெஸ்ஃபீல்டையும் ஒப்பித்தனர் நம் முன்னோர். தேர்வு நடத்துவோர்க்கும் இலக்கணம் வசதியாக இருந்தது. ஆயிரம் மாணவர்களின் கற்பனையை அளந்து மதிப்பெண் இடுதல் அரிது. ஆயிரம் கோடிட்ட இடங்களைத் திருத்துதல் எளிது.

இரு இலக்கணங்கள் மோதும் இடம்

பெற்றோர்க்குப் பயன்படும் ஒரு செய்தியை ஈண்டுக் கூறுதல் தகும். நம் பிள்ளைகள் ஆங்கில இலக்கணத்தில் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் கவனக்குறைவால் விளைவன அல்ல. தமிழ் அவர்களுக்குள் உயிரோடு இருப்பதால் விளைவன.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் ‘எ’, ‘தி’ என்னும் சிறு சொற்களுள் ஒன்று வருமா, வாராதா என்பது பெருஞ்சிக்கல். தமிழில் ‘புத்தகம் வாங்கினேன்’ என்றாலே போதும். ‘ஒரு’ என்பதும் ‘அந்த’ என்பதும் வேண்டுமாயின் வரும். அடுத்து, பிறர் கூற்றைத் தன் கூற்றாக மாற்றும் பயிற்சி. தமிழில் ‘நான் நாளை வருவேன் என்றான்’ என்று சொன்னவன் சொன்னபடியே வைத்து, ‘என்று’ என்னும் ஒரு சொல்லால் கட்டிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ ‘நான்’ என்பது ‘அவன்’ ஆகவேண்டும், காலம் பின்னோக்கவேண்டும், ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆகவேண்டும். மூன்று மாற்றங்களை ஒரே மூச்சில் செய்யும் பிள்ளை பாராட்டுக்குரியது. இன்னும், ‘தெரியும்’ என்னும் பொருளில் ‘ஐ நோ’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘ஐ ஆம் நோயிங்’ என்று சொல்லும் பழக்கம் இந்தியர்க்குப் பொதுவானது.

மறுபுறம், தமிழில் உள்ள நுட்பம் ஆங்கிலத்தில் இல்லாத இடமும் உண்டு. கேட்போரையும் சேர்த்து ‘நாம்’ என்கிறோம்; கேட்போரை விலக்கி ‘நாங்கள்’ என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ‘வி’ ஒன்றே. ‘நாம் ஊருக்குப் போகிறோம்’ என்று சொல்லும் பாட்டி, பேரனையும் உடன் அழைத்துச் செல்கிறாள். ‘நாங்கள் போகிறோம்’ என்றால் அவன் தில்லியில் இருக்கவேண்டியதுதான்! இவ்வேறுபாட்டை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு தனி வாக்கியமே வேண்டும்.

தில்லிப் பிள்ளைக்கு மூன்றாவது இலக்கணமும் உண்டு. இந்தியில் மேசையும் பெண்பால், புத்தகமும் பெண்பால். உயர்திணை, அஃறிணை என்று உலகை இரண்டாகப் பகுத்த தமிழ் மரபில் வந்த பிள்ளை, மேசைக்குப் பால் கற்பிக்கும் மொழியைத் தெருவில் விளையாடியே கற்றுக்கொள்கிறது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி, வீட்டில் தமிழ் என மூன்று ஒழுங்குகளை ஒரு சிறு தலைக்குள் முட்டாமல் வைத்திருக்கும் ஆற்றலுக்கு எந்தத் தேர்வுத்தாளும் மதிப்பெண் இடுவதில்லை. பெற்றோராவது இடவேண்டும்.

தேர்வு தந்ததும் பறித்ததும்

ஆங்கிலத் தேர்வு நம்மவர்க்குத் தந்தவை பல. மறுத்தல் நன்றியின்மையாகும். ஆனால் அது கேட்ட விலையையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

கும்பகோணத்தில் 1904இல் கல்லூரியில் சேர்ந்த ஓர் இளைஞர், கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைப் புறக்கணித்தார். ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறி, உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையில் எஃப். ஏ. தேர்விலும் வெற்றி பெறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அவர் சீனிவாச இராமானுஜன். 1913இல் அவர் பெயரால் கேம்பிரிட்ஜுக்குச் சென்று ஹார்டியின் கண்ணைத் திறந்த கடிதமும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதே. தேர்வில் அவரைத் தள்ளிய மொழியே பின்பு உலகிற்கு அவரைக் கொண்டு சென்றது. மொழி குற்றமற்றது, ஒரு மனிதனை ஒரே தாளால் அளக்கத் துணிந்த முறையே குறையுடையது.

மற்றொருவர் அ. மாதவையா. 1872இல் நெல்லைச் சீமையில் பெருங்குளத்திற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, அரசாங்க உப்புத் துறையில் அலுவல் பார்த்தவர். பத்மாவதி சரித்திரம் எழுதிய அவர், ஆங்கிலத்திலும் வல்லவர். ‘குசிகர்’ என்னும் புனைபெயரில் ‘இந்து’ நாளிதழில் ஆங்கிலச் சிறுகதைகள் எழுதினார்; பின்னாளில் அவற்றைத் தாமே தமிழாக்கிக் குசிகர் குட்டிக் கதைகள் என வெளியிட்டார். தமிழ்ச் சிறுகதையின் தொடக்க வரலாற்றில் இடம்பெறும் கதைகள், முதலில் ஆங்கிலத்தில் பிறந்து பின் தமிழுக்கு வந்தன என்பது எண்ணத்தக்கது. அத்தகையவர், 1925ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தில், பி. ஏ. பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று பேசினார். பேசி முடித்த சிறிது நேரத்தில் அம்மன்றத்திலேயே உயிர் நீத்தார். ஆங்கிலம் தெரியாமையால் அவர் தமிழைக் கேட்கவில்லை. ஆங்கிலத்தின் உயரத்தில் நின்று பார்த்தமையால், தமிழ் எங்கே விடுபட்டது என்பது அவர்க்குத் தெளிவாகத் தெரிந்தது.

தில்லிக்கு வந்த தமிழ்

1911இல் தலைநகர் தில்லிக்கு மாறும் என அறிவிக்கப்பட்டது. அரசாங்க அலுவலகங்களோடு தென்னாட்டு எழுத்தர்களும் கணக்கர்களும் தட்டச்சரும் சுருக்கெழுத்தரும் வடக்கே வந்தனர். அவர்கள் கொண்டு வந்த முதலீடு நிலமோ பொன்னோ அன்று. பிழையற எழுதும் ஆங்கிலமே. மரேயும் நெஸ்ஃபீல்டும் தந்த இலக்கணத்தை நம்பியே அக்குடும்பங்கள் இரயிலேறின. ஆகவே தில்லித் தமிழன் ஆங்கில இலக்கணத்தை இகழ்ந்து பேசுவானாயின், தான் ஏறி வந்த ஏணியை இகழ்ந்தவன் ஆவான்.

ஆனால் வந்தவர்கள் அவ்வேணியோடு நின்றுவிடவில்லை. 1923இல் தங்கள் பிள்ளைகளுக்கெனக் கல்விக் கழகம் ஒன்றை அமைத்தனர். முன்னாளில் மதராஸி என்னும் பெயர் தாங்கியிருந்த அதுவே, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்னும் பெயரில் பள்ளிகளை நடத்தி வருகிறது. மோதி பாக் பள்ளி அவற்றுள் ஒன்று. 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. மாற்றலாகி வருவோரும் மாற்றலாகிப் போவோருமாய், நிலையற்ற அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த மக்கள், நிலையான பள்ளிகளையும் சங்கத்தையும் கட்டினர் என்பது பெருமைக்குரியது. குடியிருந்த பழைய வீடுகள் பல இன்று இடிக்கப்பட்டுவிட்டன. பள்ளியும் சங்கமும் இருக்கின்றன.

பாடநூலில் நம் கதைகள்

இனி, பிள்ளைகளின் கையிலுள்ள கதைகளைப் பார்ப்போம். தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு 2007இல் வெளியிட்ட 12ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல்கள் இரண்டில், தமிழர் மூவரின் எழுத்துகள் இடம்பெற்றன. ஒன்று கல்கியின் புலிக் கதை. நூறு புலிகளைக் கொல்லச் சூளுரைத்த மகாராஜா, மகனுக்கு வாங்கிய மரப்புலியின் சிலாம்பு கையில் ஏறி மடிகிறான். இரண்டாவது, ஜெமினி ஸ்டூடியோவில் தாம் பணியாற்றிய நாட்களைப் பற்றி அசோகமித்திரன் ஆங்கிலத்திலேயே எழுதிய கட்டுரைப் பகுதி. மூன்றாவது, பாமாவின் கருக்கு நூலிலிருந்து ஒரு பகுதியின் மொழிபெயர்ப்பு.

ஆக, நம் பிள்ளை ஆங்கிலத் தேர்வுக்காகக் கல்கியைப் படிக்கிறது! மகாராஜாவின் நீண்ட விருதுப் பெயர்களில் கல்கி வைத்த கிண்டல், தமிழ்க் காதில் உடனே சிரிப்பை எழுப்பும். ஆங்கிலத்தில் அதற்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்கிறது. பாமா தம் ஊர்ப் பேச்சிலேயே எழுதியவர்; அப்பேச்சின் சூடு பெயர்ப்பில் தணிகிறது. ஆயினும் பாமாவின் பகுதி நமக்கு வேறொரு பாடம் புகட்டுகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையாற் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் சென்று பண்ணையாரிடம் கொடுப்பதைக் கண்டு சிரித்த சிறுமிக்கு, அதன் பின்னுள்ள தீண்டாமையை அண்ணன் விளக்குகிறார். படித்து முன்னேறு என்கிறார். அச்சிறுமிக்கு வகுப்பில் முதலிடம் என்பது வேலைக்கு வழி மட்டும் அன்று. மனிதர் என்று தலைநிமிரும் வழி. தேர்வுப் படிப்பை எளிதாக ஏளனம் செய்வோர் இப்பகுதியை ஒருமுறை படித்தல் வேண்டும்.

அதே பாடநூலில் பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதேயின் ‘கடைசிப் பாடம்’ என்னும் கதையும் உண்டு. 1870, 1871ஆம் ஆண்டுகளின் போரில் பிரான்சு தோற்று, அல்சேஸ், லொரேன் பகுதிகள் செர்மனியின் கைக்குப் போயின. இலக்கணப் பாடம் படியாமல், ஆசிரியர் கேள்வி கேட்பாரே என்று அஞ்சிக்கொண்டு பள்ளிக்கு வரும் சிறுவனுக்கு, இனிப் பள்ளியில் செர்மன் மட்டுமே என்னும் ஆணை வந்துவிட்டமையும், அன்றே பிரெஞ்சு மொழியின் கடைசிப் பாடம் என்பதும் தெரியவருகின்றன. நேற்றுவரை சுமையாக இருந்த இலக்கணம் அக்கணமே அருமைப் பொருளாகிறது.

இக்கதையில் வரலாறு அறிந்தவர் காணும் ஒரு நுட்பம் உண்டு. அல்சேஸ் மக்களுள் பெரும்பாலோர் வீட்டில் பேசியது செர்மன் இனத்தைச் சேர்ந்த ஒரு வட்டார மொழி. அவர்களுக்குப் பிரெஞ்சு பெரும்பாலும் பள்ளியின் மொழியாகவும் அரசின் மொழியாகவும் இருந்தது. பள்ளி மொழியை இழந்ததற்குக் கண்ணீர் விடும் அக்கதை, வீட்டு மொழியைப் பற்றி எதுவும் பேசவில்லை. நம் நிலையும் ஒருவாறு அதுவே. ஆங்கிலப் பாடத்தில் பிள்ளை இரண்டு மதிப்பெண் குறைந்தால் வீடு கலங்குகிறது. தமிழில் ஒரு கடிதம் எழுத அதனால் இயலவில்லை என்பதை எவரும் கவனிப்பதில்லை. அல்சேஸில் ஒரு மொழியை நீக்கப் பெர்லினிலிருந்து ஆணை வரவேண்டியிருந்தது. தில்லியில் ஒரு வீட்டிலிருந்து தமிழ் போவதற்கு எவருடைய ஆணையும் தேவையில்லை. பெற்றோர் பிள்ளையிடம் தமிழில் கதை சொல்வதை நிறுத்தினாலே போதும்.

செய்யத்தக்கவை

ஆங்கிலத்தைக் குறைத்துத் தமிழை வளர்க்கவேண்டும் என்பது எம் கருத்தன்று. மாதவையா போல் இரண்டையும் முழுமையாகக் கொள்ளலாம் என்பதற்கு வரலாறு சான்று. எளிதில் செய்யத்தக்க மூன்றை மட்டும் இங்கே முன்வைக்கிறோம்.

முதலாவது, ஆங்கிலப் பாடநூலில் தமிழ் எழுத்தாளரின் கதை மொழிபெயர்ப்பாக வந்தால், அதன் மூலத்தைத் தேடி எடுத்து வீட்டில் உரக்கப் படிக்கவேண்டும். பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாவிடினும் காது உண்டு. கல்கியைத் தமிழில் ஒருமுறை கேட்ட பிள்ளை, ஆங்கிலத் தேர்விலும் அக்கதையைப் பற்றி நன்றாகவே எழுதும்.

இரண்டாவது, இலக்கணப் பயிற்சியில் பிழை நேரும்போது, ‘தமிழில் இதை எவ்வாறு சொல்வாய்?’ என்று கேட்கவேண்டும். பிழையின் வேர் பெரும்பாலும் அவ்விடத்தில் தென்படும். இரு மொழியின் அமைப்பும் ஒருங்கே விளங்கும். இதற்குப் பெற்றோர் பண்டிதராக இருக்கவேண்டியதில்லை.

மூன்றாவது, சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூலகத்தில் ஒரு தட்டை ஒதுக்கி, பள்ளிப் பாடநூல்களில் ஆங்கிலத்தில் வரும் தமிழ்ப் படைப்புகளின் மூலங்களை அங்கே வைக்கலாம். கருக்கும், கல்கியின் சிறுகதைத் தொகுதியும், அசோகமித்திரனின் தமிழ்ச் சிறுகதைகளும், அவற்றோடு பரமார்த்த குருவும் அத்தட்டில் இருக்கட்டும். பெருஞ்செலவு ஆகாது. தேர்வு முடிந்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்து வந்து, ஞாயிறுதோறும் ஒரு மணிநேரம் ஒருவர் படிக்க, மற்றவர் கேட்கலாம்.

கோட்டைக் கல்லூரியில் தேர்வெழுதிய ஆங்கிலேயருள், தேர்வு முடிந்த பின்னும் தமிழ் நூலை மூடாதவர்களால் நம் மொழிக்கு ஆக்கம் விளைந்தது. நம் பிள்ளைகளும் தேர்வு முடிந்த மறுநாள் ஆங்கிலக் கதைநூலை மூடாதிருக்கட்டும். அதனருகே தமிழ்க் கதைநூல் ஒன்றும் திறந்திருக்கட்டும். அவ்விரண்டாவது நூலைத் திறந்து வைக்கவேண்டியவர்கள் ஆசிரியர்கள் அல்லர், பெற்றோராகிய நாமே.